மிஷிகன் ஆட்டத்துக்குப் போகலாமா? கொலம்பஸுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

ஆகஸ்டில்தான் ஒஹாயோ ஸ்டேட்டில் முதுகலை படிக்க வந்திருக்கிறீர்கள். லேபில் கூட இருப்பவர், நம் பல்கலைக்கழக அணி மிஷிகன் பல்கலைக்கழகத்தோடு மோதும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்குத் தன் டிக்கெட்டைத் தருகிறேன் என்கிறார். கிரிக்கெட் தவிர வேறு எதுவும் தெரியாத நான் அங்கே போய் என்ன செய்வேன், அந்த நேரத்தில் ப்ராஜெக்டை முடித்துவிடலாமே என்று கேட்டிருந்தீர்கள். பார்ப்பவர்களெல்லாம் "இந்த வருஷம் ஜெயிப்போமா?" என்று கேட்கிறார்கள், என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள்.

போங்கள் தம்பி. ப்ராஜெக்டை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். இந்த ஆட்டம் வருஷத்துக்கு ஒரு முறை, நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் வாரத்துச் சனிக்கிழமை நடக்கும். இரட்டைப்படை வருஷங்களில் இங்கே, ஒற்றைப்படை வருஷங்களில் அவர்கள் ஊரான ஆன் ஆர்பரில். இதை விட்டால் அடுத்து இங்கே நடக்கும்போது நீங்கள் பட்டம் வாங்கிக்கொண்டு வேறு ஊரில் வேலையில் இருப்பீர்கள். வெளியே நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகிற டிக்கெட் அது. உங்களுக்குத் தருகிறேன் என்பவர் நல்ல மனிதர், அவரை விட்டுவிடாதீர்கள்.

ஜெயிப்போமா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த ஊர்க்காரர்கள் அதை உற்சாகத்தில் கேட்பதில்லை, பயத்தில் கேட்கிறார்கள். நம் மைதானத்தில் மிஷிகனை நாம் கடைசியாக ஜெயித்தது 2018-ல், 62-39. 2020 ஆட்டம் கோவிட்டால் ரத்தானது. 2022-ல் இங்கேயே 45-23 என்று அடித்துவிட்டுப் போனார்கள். 2024-ஐ நான் இன்னும் மறக்கவில்லை. நாம் நாட்டிலேயே இரண்டாம் இடம், அவர்கள் தரவரிசைப் பட்டியலிலேயே இல்லை. ஏறக்குறைய இருபது புள்ளி வித்தியாசத்தில் ஜெயிப்போம் என்று எல்லோரும் கணக்குப் போட்டிருந்தார்கள். கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல்களில் நம்மவர்கள் இரண்டைத் தவறவிட்டார்கள். கடைசி நிமிடத்தில் அவர்கள் ஒன்றைச் சரியாக உதைத்தார்கள். 13-10, முடிந்தது.

அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர், எழுபது வயது தாண்டியவர், இருட்டும்வரை முற்றத்து இலைகளைக் கூட்டிக்கொண்டே இருந்தார். கூட்டி முடித்த இடத்தையே திரும்பக் கூட்டினார். அதே அணி அடுத்து வந்த டிசம்பர், ஜனவரியில் டென்னசி, ஆரிகன், டெக்சஸ், நோத்ர டாம் என்று வரிசையாக வீழ்த்தி தேசியக் கோப்பையையே எடுத்தது. கோப்பை வந்த பிறகும் அந்தப் பெரியவர் என்னிடம் சொன்னது, "இருந்தாலும் நவம்பர்ல தோத்துட்டோமே". இங்கே இந்த ஓர் ஆட்டத்துக்குத் தனிக் கணக்கு. 2025-ல் ஆன் ஆர்பரில் பனி கொட்டக் கொட்ட 27-9 என்று ஜெயித்தோம், தொடர்ந்து நான்கு தோல்விகளுக்குப் பிறகு. அதனால் கொஞ்சம் மூச்சு வந்திருக்கிறது. ஆனால் சொந்த ஊர்க் கடன் அப்படியே இருக்கிறது.

இந்த மோதலில் பலமான அணி சறுக்குவது புதிதும் அல்ல. 1968-ல் நாம் 50-14 என்று நொறுக்கினோம். அடுத்த வருஷம் தொடர்ந்து 22 ஆட்டங்கள் ஜெயித்த நிலையில் ஆன் ஆர்பர் போனோம். அங்கே போ ஷெம்பெக்லர் புதிய பயிற்சியாளர். நம் பயிற்சியாளர் வுடி ஹேஸிடம் முன்பு ஆடியவர், அவருக்கே உதவியாளராக இருந்தவர். 24-12 என்று குருவைத் தோற்கடித்தார். அதிலிருந்து இருவரும் மோதிய பத்து வருஷங்களைப் "பத்தாண்டுப் போர்" என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். அப்புறம் ஜான் கூப்பர் என்றொரு பயிற்சியாளர் இருந்தார், நிறைய ஆட்டங்கள் ஜெயித்தவர். ஆனால் 13 வருஷத்தில் மிஷிகனை இரண்டே முறைதான் வென்றார். அவரைப் பற்றிக் கேட்டால் ஊர் சொல்வது அந்த ஒன்றைத்தான். அவருக்குப் பின் வந்த ஜிம் ட்ரெஸ்ஸல் 2001 ஜனவரியில் ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் மைக்கைப் பிடித்து, இன்னும் 310 நாளில் ஆன் ஆர்பரில் நம் பிள்ளைகளை நினைத்துப் பெருமைப்படுவீர்கள் என்றார். நாளை எண்ணியே வைத்திருந்தார் மனிதர்! அந்த நவம்பரில் 26-20 என்று செய்தும் காட்டினார். அவர்தான் இப்போது மாநிலத்தின் துணை ஆளுநர்.

விதிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, அதற்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு. எல்லையைத் தாண்டினால் டச் டவுன், ஆறு புள்ளி, கூட ஓர் உதை வெற்றியானால் ஒன்று. முடியாதபோது கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று. முதல் கால்பகுதிக்கு இது போதும், மற்றதைப் பக்கத்தில் நிற்பவர் சொல்லித் தருவார். கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

வழக்கமாக ஆட்டம் பகல் 12 மணிக்குத் தொடங்கும். காலை ஒன்பது, ஒன்பதரைக்கெல்லாம் செயின்ட் ஜான் அரங்குக்குப் போய்விடுங்கள். அங்கே பேண்டு குழு ஆட்டத்துக்கு முன் வாசித்துப் பார்க்கும், இருக்கைகள் நிரம்பி வழியும். போகிற வழியில் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். அந்த வாரம் முழுக்க வளாகத்தில் இருக்கும் ஆங்கில M எழுத்துகள் மேல் எல்லாம் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். மிஷிகன் என்ற பெயரைக்கூடச் சிலர் உச்சரிக்க மாட்டார்கள், "வடக்கே இருக்கும் அந்த அணி" என்பார்கள். இதற்குப் பின்னால், 1835-ல் டொலிடோ நிலப்பகுதிக்காக ஒஹாயோவும் மிஷிகனும் படை திரட்டிய பழைய எல்லைத் தகராறு இருக்கிறது. கடைசியில் டொலிடோ நமக்கு வந்தது.

பேண்டைத் தவறவிடவே கூடாது. மைதானத்தில் அவர்கள் வளைந்து வளைந்து நடந்து ஒஹாயோ என்று ஆங்கிலக் கூட்டெழுத்தில் எழுதுவார்கள். 1936-லிருந்து நடக்கிறது இது. கடைசியில், தோளைச் சுற்றிய சூசஃபோன் என்ற பெரிய ஊதுகருவியோடு ஒரு மாணவர் மட்டும் வரிசையை விட்டு வந்து ஆங்கில i எழுத்தின் மேல் புள்ளியாக நிற்பார். நின்று, தொப்பியைக் கழற்றி, இடுப்பு வளைய அரங்கத்துக்குக் குனிந்து வணக்கம் வைப்பார். அந்த நொடியில் லட்சம் பேர் எழுப்பும் சத்தம் நெஞ்சில் அதிரும். எனக்கு இன்றும் கண் கலங்கும்.

குளிரை மட்டும் லேசாக நினைக்காதீர்கள். மாணவர் பகுதியில் யாரும் உட்கார மாட்டார்கள், மூன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். காங்கிரீட்டிலிருந்து குளிர் காலில் ஏறும். இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை போடுங்கள், ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துக் காலுக்கடியில் போட்டுக்கொள்ளுங்கள். முதுகுப்பையை உள்ளே விட மாட்டார்கள். டிக்கெட் போனில் இருக்கும், குளிரில் பாட்டரி சீக்கிரம் இறங்கும், அதனால் முழு சார்ஜோடு போங்கள். முக்கியமானது, ஊரிலிருந்து கொண்டுவந்த நீல ஜாக்கெட்டைப் போடாதீர்கள். நீலமும் மஞ்சளும் அவர்கள் நிறம். சிவப்பு ஒன்று வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் என்னிடம் இருக்கிறது.

வாகன நிறுத்தத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருப்பவர்கள் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுப்பார்கள். சைவம் என்றால் தயங்காமல் சொல்லுங்கள். வேர்க்கடலை வெண்ணெய் உருண்டையைச் சாக்லேட்டில் முக்கி எடுத்த பக்கை மிட்டாய் கண்டிப்பாக இருக்கும், கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். ஆனால் குடித்துவிட்டு மிஷிகன் ரசிகர்களை வம்புக்கு இழுப்பவர்களோடு சேராதீர்கள். 2024-ல் ஆட்டம் முடிந்து அவர்கள் நடு மைதானத்தில் கொடி நட, இரு பக்கமும் கைகலப்பாகி, போலீஸ் பெப்பர் ஸ்ப்ரே அடித்துப் பிரித்தது. இந்த ஆட்டத்துக்கு அது அவமானம். தோற்றவுடன் பயிற்சியாளரின் குடும்பத்தைத் திட்டுவதும் அப்படித்தான்.

என் எதிர்பார்ப்பா? ஜெயிப்போம் என்றே நினைக்கிறேன், பத்துப் புள்ளிக்குள். வான்வழியாக வீசுவதை விட, பந்தைச் சுமந்து தரையில் ஓடுவதில் யார் கை ஓங்குகிறதோ அவர்கள் பக்கம்தான் இந்த ஆட்டம் சாயும். 2021-ல் ஹசன் ஹாஸ்கின்ஸ் ஓடி ஓடியே ஐந்து டச் டவுன் போட்டு நம்மைச் சாய்த்தார். அதனால் முதல் அரைமணி நேரம் ஸ்கோரைப் பார்க்காதீர்கள், நடுவில் முட்டி மோதும் பெரிய உடம்புக்காரர்களைப் பாருங்கள். நம்மவர்கள் பின்னே தள்ளப்பட்டால் உங்களைச் சுற்றி எல்லோரும் அடங்கிப்போவார்கள். அப்போதும் கிளம்பாதீர்கள், கடைசி வினாடிவரை நில்லுங்கள். உங்களிடம் யாராவது ஜெயிப்போமா என்று கேட்டால், "பார்க்கலாம், பயமாத்தான் இருக்கு" என்று சொல்லுங்கள். உடனே உங்களை ஊர்க்காரராகச் சேர்த்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. ஆட்டம் தொடங்கும்போது நம் ஊரில் ராத்திரி பத்தரை, முடியும்போது அதிகாலை இரண்டு மணி. அரங்கத்துக்குள் போன் லைனும் சரியாகக் கிடைக்காது. சனிக்கிழமை போன் வரவில்லையே என்று அம்மா பதறுவார்கள், முதல் நாளே பேசிவிடுங்கள்.