மழித்தாலும் போகாத கோடு

அன்புள்ள சார்,

நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். எங்கள் தெரு அம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் என் தம்பி புலி வேஷம் கட்டினான். அவன் உடம்பில் மஞ்சள் பெயிண்ட் பூசிக் கறுப்புக் கோடு போடுவதை, ஏழாவது படிக்கும் என் மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். “மாமாவுக்குத் தோல்ல கோடு. நிஜப் புலிக்கு முடியை மழிச்சிட்டா கோடு போயிடுமா?” என்று கேட்டாள். இவ்வளவு பளிச்சென்று இருந்தால் மான் பார்த்துவிடாதா என்றும் கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் எழுதுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

போகாது. சிகிச்சைக்காகப் புலிக்கு மயக்க ஊசி போட்டு முடியை மழித்தால், அந்த இடத்திலும் கோடு மங்கலாகத் தெரியும். கறுப்பு முடியின் மயிர்க்கால்கள் தோலுக்குள் இருக்கின்றன அல்லவா, அவைதான் அப்படித் தெரிகின்றன. தாடி மழித்த கன்னத்தில் கருமை தெரிவது போலத்தான்.

நான் ராயபுரத்தில் சட்டி மேளச் சத்தம் கேட்டதும் புலி வேஷத்துக்குப் பின்னால் ஓடி வளர்ந்தவன். பெயிண்ட் காயும்வரை கையை அகட்டிக்கொண்டு நிற்கும் அண்ணன்களையும், ராத்திரி மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கும்போது அவர்கள் பல்லைக் கடிப்பதையும் பார்த்திருக்கிறேன். கோடு போடுகிறவர் முதுகுத்தண்டில் பிரஷை வைத்து விலா வழியாக வயிற்றுக்கு இழுப்பார். அப்புறம் மறுபக்கம் போய் அதே கோட்டை அதே அளவில் போடுவார். நிஜப் புலியில் அப்படி இருக்காது. இடப்பக்கக் கோடு வேறு, வலப்பக்கக் கோடு வேறு. ஒரு புலிக்கு இருப்பது இன்னொன்றுக்கு இல்லை. குட்டி பிறக்கும்போதே கோட்டோடுதான் பிறக்கிறது. வளர வளர உடம்பு பெருக்கிறதே தவிர அந்தக் கோலம் மாறுவதில்லை.

கணக்கெடுப்பே இதை நம்பித்தான் நடக்கிறது. முதுமலை, சத்தியமங்கலம் போன்ற காடுகளில் புலி நடக்கும் தடத்தின் இரு பக்கமும் எதிரெதிரே கேமரா கட்டுகிறார்கள். ஒரு பக்கப் படம் மட்டும் இருந்தால், இன்னொரு நாள் மறுபக்கம் காட்டி வரும் அதே புலியை வேறு புலி என்று எண்ணிவிடுவோம். 2022 கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க இப்படிக் கோட்டை வைத்துத் தனித்தனியாக அடையாளம் கண்ட புலிகள் 3,080. கேமராவில் சிக்காதவற்றையும் மதிப்பிட்டுச் சேர்த்தால் சராசரியாக 3,682. தமிழ்நாட்டில் 306.

மான் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. பாலூட்டிகளின் முடிக்குப் பச்சை நிறமி கிடையாது. கறுப்பும் பழுப்பும், மஞ்சளும் செம்மஞ்சளும், இவற்றை வைத்துத்தான் எல்லாம். ஆனால் மானின் கண்ணுக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நமக்குப் பளிச்சென்று தெரியும் செம்மஞ்சள், மானுக்குப் புல்லோடு புல்லாகத்தான் தெரியும். அந்த உடம்பைக் கறுப்புக் கோடுகள் துண்டு துண்டாக வெட்டிக் காட்டுகின்றன. கோரைக்குள் வெயிலும் நிழலும் கலந்து கிடக்கிற இடத்தில் புலியின் உருவம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்றே தெரியாது. துரத்திக்கொண்டே ஓடுகிற விலங்கல்ல அது. பதுங்கிப் பக்கத்தில் வந்து பாய்கிறது. அதற்கு இந்த மறைவு வேண்டும்.

மகள் அடுத்த ஆடிக்குப் பிரஷ் பிடிப்பாள் என்றால் இன்னும் இரண்டு சொல்கிறேன். புலியின் காதுக்குப் பின்புறம் கறுப்பு, அதன் நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு. வேஷத்தில் அதை யாரும் வைத்து நான் பார்த்ததில்லை. கண்மணி நம்முடையதைப் போல வட்டம், வீட்டுப் பூனைக்கு இருக்கிற செங்குத்துக் கீற்று அல்ல. சிலர் வயிற்றில் வட்ட வட்டமாகப் புள்ளி வைப்பார்கள், அது சிறுத்தைக்கு உரியது.

ஒரு நாள் வண்டலூருக்கு அழைத்துப் போங்கள். பீச் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டி ஏறினால் நேராக வண்டலூரில் இறங்கலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், விடுமுறை. கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். ஒரே புலியின் இடது விலாவை ஒரு பக்கத்திலும், அது திரும்பி நடக்கும்போது வலது விலாவை எதிர்ப்பக்கத்திலும் வரையச் சொல்லுங்கள். வரைந்ததை எனக்கும் அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.