புட்டியில் ஒரு பெயர்

அன்புள்ள ஐயா,

போன மாதம் அலுவலக வேலையாக பிரான்ஸ் போயிருந்தேன். வேலை முடிந்து மூன்று நாள் பர்கண்டி பக்கம் சுற்றினேன். ஒரு சின்ன ஊரில், சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் தானே ஒயின் செய்யும் ஒருவர் வீட்டில் சாப்பாடு. கோழியை அந்த ஊர் ஒயினிலேயே வேகவைத்திருந்தார்கள். பாலாடைக்கட்டி, திராட்சைச் சக்கையில் வடித்த சாராயத்தால் கழுவிக் கழுவிப் பழுக்கவைத்ததாம். ஆயிரம் வருடமாகத் தூய்மை கெடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நம்மிடம் ஏன் இப்படி உணவும் மதுவும் சேர்ந்த ஒரு மரபு உருவாகவே இல்லை? நமக்கு நாக்கு இல்லையா? இன்னொரு சின்னக் கேள்வி: நம் மீன்குழம்புக்கு எந்த ஒயின் பொருந்தும்? மாசியில் ஊருக்கு வருகிறேன். உங்களுக்கு ஒரு புட்டி கொண்டுவரலாமா? குடியை ஆதரித்து எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் ஒரு கருப்பட்டியோடு சண்டையில் இருந்தேன். ‘அசல்’ என்று கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்தது. அரிவாள்மனையின் கட்டையில் தட்டினேன், அசையவில்லை. அம்மிக்குழவியைப் போட்ட பிறகுதான் இரண்டானது. உடைந்த பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கிற்று. சீனி. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதும் பதில் இது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தத் தூய்மை. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி, பிரான்சின் திராட்சைக் கொடிகளை வேரிலிருந்து தின்று தீர்த்தது. எதையெதையோ செய்துபார்த்துவிட்டு, கடைசியில் அமெரிக்கக் கொடியின் வேர்க்கட்டையில் தங்கள் கொடியை ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள். நீங்கள் உருகிப்போய்ப் பார்த்த தோட்டமும் அநேகமாக அமெரிக்க வேரில்தான் நிற்கிறது. நம் கதை மட்டும் என்ன? மிளகாயை எடுத்துவிட்டு ஒரு மீன்குழம்பு வையுங்கள் பார்க்கலாம். அது போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்தது. தூய்மை பேசுகிறவர்களை அடுக்களைப் பக்கம் விடக்கூடாது.

நம்மிடம் உருவாகவே இல்லை என்கிறீர்களே, இதற்குத்தான் உங்களைத் திட்ட வேண்டும். பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் வீட்டுக்குப் போகிற பாணனுக்கு என்ன கிடைக்கிறது தெரியுமா? குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, முளைநெல்லை இடித்துச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்த கள். கூடவே சுட்ட மீன். செய்முறையும் இருக்கிறது, தொடுகறியும் இருக்கிறது. நீங்கள் தமிழ் வழியில் படித்தவர் என்று முன்பொரு கடிதத்தில் எழுதியதாக நினைவு.

குடியை ஆதரிக்கவில்லை என்ற வாக்குமூலம் எனக்குத் தேவையில்லை. வள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரமே எழுதிவிட்டார். அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

நாக்குக்கு வருகிறேன். எங்கள் ஆச்சி ஒரு சில்லுக் கருப்பட்டியை வாயில் போட்டுவிட்டு, “ஏல, இது தேரிப் பனை கெடையாது. கொண்டு குடுத்துட்டு வா” என்பாள். செம்மணல் மேடான தேரியில் நிற்கும் பனைக்கும் குளத்தங்கரைப் பனைக்கும் பதநீர் வேறு, காய்ச்சினால் கருப்பட்டி வேறு. அசல் கருப்பட்டியில் இனிப்புக்குள் ஒரு மெல்லிய கரிப்பு இருக்கும், விறகுப் புகையின் வாசனை கடைசியில் வரும். உங்கள் பர்கண்டிக்காரர் வரப்புக்கு வரப்பு ருசி மாறும் என்று விளக்கியிருப்பாரே, அதேதான். அவர்களுடைய துண்டுதுண்டான தோட்டங்களை 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது. ஆச்சிக்கு அந்த மாதிரித் தாளெல்லாம் யாரும் கொடுக்கவில்லை.

தாத்தா பனையேறி. பங்குனி பிறந்தால் ஆடி வரைக்கும் வீட்டில் அவருடைய நேரம்தான் எல்லோருக்கும் நேரம். விடிவதற்கு முன்பே இடுப்பில் அரிவாள்பெட்டி, காலில் தளைநார். ஏறி, பாளையின் நுனியைத் தாள் கனத்துக்கு ஒரு சீவு சீவி, கலயத்தை மாற்றிக் கட்டிவிட்டு இறங்குவார். சாயங்காலம் மறுபடி அத்தனை மரமும். கலயத்தின் உட்புறம் அவர் சுண்ணாம்பு தடவுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நடுவிரலில் தொட்டு, உள்ளே ஒரே சுற்று. கூடிப்போனால் பதநீர் வாயில் வைக்க முடியாமல் காரும். குறைந்தால் வெயில் ஏறுவதற்குள் நுரைத்துக் கள்ளாகிவிடும். காற்றில் இருக்கிற ஈஸ்ட்டுக்கு அவ்வளவு அவசரம். அந்த அளவை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை, அவர் விரலில் இருந்தது. ஆச்சி விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சும் குடிசையில், உட்கார்ந்து காய்ச்சுவாள். பொங்கிவந்தால் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவாள், நுரை அப்படியே அமரும். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்து, பதமானால் சிரட்டைகளில் ஊற்றுவாள். உளுந்தங்களி, கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை, பதநீரிலேயே வேகும் கஞ்சி, பனையோலையை மடித்த பட்டையில் ஊற்றிய பதநீரில் மிதக்கும் மாங்காய்த் துண்டு எல்லாம் அந்த ஒரு மரத்தைச் சுற்றிவந்த சாப்பாடு. ஆப்பமாவுக்கு மட்டும் சுண்ணாம்பு தடவாத ஒரு கலயம் ரகசியமாக வரும்.

அரிவாள்பெட்டி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. சித்தப்பாவுக்குச் சம்பந்தம் பேசி, பெண் வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். டவுன்காரர்கள். நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அவர்கள் கார் தெருமுனையில் திரும்பும்போது, திண்ணையில் கிடந்த அரிவாள்பெட்டியையும் தளைநாரையும் எடுத்து ஓலைக் குவியலுக்குள் செருகினேன். யாரும் சொல்லவில்லை. நானேதான். தாத்தா பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து உள்ளே போய், முழுக்கைச் சட்டை ஒன்றைக் கழுத்துப் பொத்தான்வரை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மரம் உரசி நெஞ்சில் காய்த்துப்போன இடம் தெரியாமலிருக்க. சித்திரை வெயில். காபி குடித்து, தாம்பூலம் வாங்கி, அவர்கள் கிளம்ப ஐந்து மணி ஆயிற்று. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, “பெட்டிய எங்கல வச்ச?” என்றார். அவ்வளவுதான். ஒரு நேரம் சீவாமல் விட்டால் பாளை வறண்டுவிடும். ஓடினார்.

உங்களுக்குச் சாப்பாடு போட்டவர் வீட்டில் புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தீர்களா? தோட்டக்காரனின் குடும்பப் பெயர் பெரிதாக அச்சிட்டிருக்கும். அப்பன் பெயர், பாட்டன் பெயர். இங்கே ‘பனையேறி’ என்பது பள்ளிக்கூடத்தில் சண்டை வந்தால் திட்டுகிற வார்த்தை. நீங்கள் நாக்கைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் இந்தப் பெயரைப் பற்றித்தான் பல நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மறுபடி சீனிக்கு வருகிறேன், விடமாட்டேன். பூச்சியில் தோட்டங்கள் அழிந்த காலத்தில் பிரான்சிலும் கலப்படம் கொடிகட்டிப் பறந்தது. உலர்திராட்சையை ஊறவைத்து ஒயின், தண்ணீரில் சீனியைக் கொட்டி ஒயின். 1907-இல் தெற்கு பிரான்சின் லாங்டாக் பகுதித் திராட்சை விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். ஜூன் மாதம் மோன்பெலியே நகரில் லட்சக்கணக்கில் கூட்டம். நார்போன் நகரில் ராணுவம் சுட்டு ஆட்கள் செத்தார்கள். அதைக் கேள்விப்பட்டு ஒரு படைப்பிரிவே கலகம் செய்தது. அந்தச் சிப்பாய்களில் பாதிப்பேர் அந்த ஊர்ப் பிள்ளைகள்தானே. அந்த மாதம் முடிவதற்குள் கலப்படத்துக்கு எதிராகச் சட்டம் வந்தது. எந்த ஊர்ப் பெயரில் எதை விற்கலாம் என்ற இன்றைய முறை 1935-இல் வந்தது. ஒயினில் சீனி கலந்ததற்குத் துப்பாக்கிக்கு முன்னால் போய் நின்றவர்களின் நாட்டுக்காரர்தான் உங்களுக்குக் கோழி பரிமாறியவர். இங்கே கருப்பட்டியில் மூட்டை மூட்டையாகச் சீனி கரைகிறது. ஒரு ஆள் கேட்டதுண்டா? கேட்க வேண்டியவன் தன் தொழிலை ஓலைக்குள் ஒளித்துவைத்துவிட்டு முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறான். நான் கடைக்காரரிடம் கேட்டேன். “கிலோ இந்த விலைக்கு வேற என்ன சார் வரும்?” என்றார். நியாயம்தான். அசலுக்கு உண்டான விலையைச் சொன்னால் நீங்களும் நானும் அடுத்த கடைக்குப் போய்விடுவோம். உடன்குடிக் கருப்பட்டிக்கு இப்போது புவிசார் குறியீடு இருக்கிறது. சந்தோஷம். பெட்டிமேல் ஊர்ப்பெயர் வந்துவிட்டது, மரத்தில் ஏறினவன் பெயர் இன்னும் வரவில்லை.

சட்டம் எங்கள் பக்கம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கக்கூடாது. 1983-இல் தொடங்கிய டாஸ்மாக், 2003 முதல் சில்லறைக் கடையையும் தானே நடத்துகிறது. அங்கே கிடைப்பது பெரும்பாலும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் வடித்து நிறமும் மணமும் சேர்த்த 42.8 சதவீதச் சரக்கு. பீர் அளவுக்குப் போதை தரும் கள் குற்றம். களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் கள்ளுக்கடையில் கப்பைக்கிழங்கும் மீன்கறியும், காரமெல்லாம் கள்ளின் புளிப்புக்கு ஏற்றபடி. அந்தச் சமையலே கள்ளைச் சுற்றி வளர்ந்தது. மரத்துக்குத் தெரியுமா எந்தப் பக்கம் எந்த மாநிலம் என்று? 2021-இல், பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். நல்ல காரியம், குறை சொல்லமாட்டேன். எங்கள் ஊரில் மரங்கள் நிற்கின்றன. ஏறுகிறவர்கள் நான்கு பேர், நால்வரும் அறுபதைத் தாண்டியவர்கள்.

மீன்குழம்புக்கு எந்த ஒயின் என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியாது. புட்டியைக் கொண்டுவாருங்கள், சாளைமீன் குழம்போடு குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஆனால் மாசியில் வராதீர்கள், பாளை அப்போதுதான் கட்டியிருப்பார்கள். பங்குனி பாதிக்குமேல் வாருங்கள். நான்கு பேரில் ஒருவர் தாத்தாவிடம் தொழில் படித்தவர். காலை ஏழு மணிக்குள் தோட்டத்துக்குப் போய்விட்டால் பட்டையில் ஊற்றித் தருவார். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் மடிப்பு வழியாக முழங்கைவரை வழியும். வெள்ளைச் சட்டை வேண்டாம்.