புராஸ்டேட் தொல்லைகள்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: வயது 58. ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறேன். சிறுநீர் வரவே நேரமாகிறது, கடைசியில் சொட்டுகிறது. ஸ்கேனில் புராஸ்டேட் 42 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். ஆபத்தா டாக்டர்?

பதில்: அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. இளவயதில் சுமார் 20 கிராம் இருக்கும் அது, ஐம்பதைத் தாண்டியவர்களில் பலருக்குப் பெருக்கும். இந்த வீக்கம் புற்றுநோயாக மாறுவதில்லை. 80 கிராம் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உண்டு; 30 கிராமிலேயே அவதிப்படுகிறவர்களும் உண்டு. சிறுநீர்க் குழாயை எவ்வளவு நெருக்குகிறது என்பதுதான் விஷயம். சிறுநீர் போய்விட்டு வந்த பிறகு சிறுநீர்ப்பையில் எவ்வளவு தங்குகிறது என்று ஸ்கேனில் பாருங்கள். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள், அதுவும் ராத்திரியில் எழுப்பும்.

கேள்வி: அப்பாவுக்கு 70. சளிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டார். மறுநாள் சிறுநீர் அடைத்து, டியூப் போடும்படி ஆகிவிட்டது. சளி மாத்திரையால் இப்படி ஆகுமா சார்?

பதில்: ஆகும்மா. மூக்கடைப்புக்கான ஃபீனைல்எஃப்ரின் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கும். தும்மலுக்கான குளோர்ஃபெனிரமின் அந்தப் பை சுருங்கித் தள்ளும் பலத்தைக் குறைக்கும். சளி மாத்திரை பலவற்றில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. புராஸ்டேட் வீங்கியவர் சீட்டில்லாமல் இவற்றை வாங்கவே கூடாது. சுத்தமாக அடைத்துக்கொண்டால் தண்ணீர் குடித்துப் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நீங்கள் போனது சரி.

அப்பாவுக்குச் சிறுநீர் சுலபமாக இறங்க டாம்சுலோசின் மாத்திரை கொடுத்திருந்தால் இரண்டு விஷயம். தலை சுற்றலாம், படுக்கையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். அப்புறம், கண்புரை ஆபரேஷன் என்றால் கண் டாக்டரிடம் இந்த மாத்திரையைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆபரேஷன் நேரத்தில் கண்மணி சரியாக விரியாமல் போகலாம். மாத்திரையை நிறுத்தியிருந்தாலும் அந்த விளைவு மிச்சமிருக்கக்கூடும். வயதானவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

கேள்வி: வயது 63. பி.எஸ்.ஏ. 6.1. போன வாரம்தான் சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் வந்தது. புற்றுநோயா?

பதில்: பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம், ரத்தத்தில் அளப்பது. தொற்றிலேயே அது நன்றாக ஏறும். ஆறு முதல் எட்டு வாரம் விட்டு மறுபடி பாருங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாள் தாம்பத்தியமும் நீண்ட சைக்கிள் பயணமும் வேண்டாம். அப்போதும் கூடுதலாக இருந்தால் எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் பயாப்சி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது). புராஸ்டேட்டைச் சுருக்கும் ஃபினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு மாத்திரையை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுகிறவர்களுக்கு அளவு ஏறக்குறைய பாதியாகக் காட்டும்: 3 என்று வந்தால் 6 என்றே எண்ணிக்கொள்ளுங்கள். மாத்திரை விவரத்தைச் சொல்லாவிட்டால் நல்ல ரிப்போர்ட் என்று ஏமாந்துவிடுவோம். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ புராஸ்டேட் புற்றுநோய் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கேள்வி: வயது 31. மாதக்கணக்கில் அடிவயிற்றில் வலி, எரிச்சல். கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையில் ஒன்றுமில்லை. மூன்று கோர்ஸ் ஆன்டிபயாட்டிக் முடித்தும் சரியாகவில்லை அண்ணா.

பதில்: கிருமி இல்லாதபோது நாலாவது கோர்ஸ் வேண்டாம் தம்பி. இது நாள்பட்ட இடுப்பு வலியாக இருக்கலாம். இடுப்புத் தசையைத் தளர்த்தும் பிசியோதெரபி பலருக்கு உதவுகிறது. குளிர்க்காய்ச்சல் வந்தால் மட்டும் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: டி.யு.ஆர்.பி. ஆபரேஷன் செய்தால் ஆண்மை போய்விடும் என்கிறார்களே?

பதில்: டி.யு.ஆர்.பி. என்பது சிறுநீர்க் குழாய் வழியாகவே புராஸ்டேட்டின் வீங்கிய பகுதியைச் சுரண்டி எடுப்பது. விறைப்பு பெரும்பாலும் பாதிக்கப்படாது. ஆனால் பலருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, குழந்தை பெறுவதுதான் கஷ்டம். குழந்தை வேண்டும் என்றிருப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.