நாய்க்கு உணவு ஒவ்வாமை: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர்களின் பதில்

எங்கள் லாப்ரடாருக்கு நான்கு வயது. குட்டியிலிருந்தே கோழியும் சாதமும்தான். ஒரு வருடமாகப் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறான், காதில் நாற்றம் வருகிறது. சொட்டு மருந்து விட்டால் சரியாகி, அடுத்த மாதமே திரும்பிவிடுகிறது. பழகிய சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போகுமா, டாக்டர்?
– வாசகி, நாகர்கோவில்

போகும். சொல்லப்போனால், பழகிய சாப்பாட்டில்தான் ஒவ்வாமை வரும். ஒரு புரதத்தைப் பலமுறை சந்தித்த பிறகே உடல் அதை எதிரியாக நினைக்கத் தொடங்குகிறது. ஆகவே தினமும் தட்டில் விழுவதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நாய்களுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதவை மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை. அரிசியாலும் வரலாம், ஆனால் குறைவு.

அவனுடைய விரல்களை மெல்ல விரித்து இடுக்கில் பாருங்கள். தோல் சிவந்து, முடி துருப்பிடித்த நிறத்துக்கு மாறியிருந்தால் அது எச்சில் கறை. பல நாள் நக்கியதற்கான அடையாளம். அக்குள், தொடை இடுக்கு, ஆசனவாயைச் சுற்றிய இடம் ஆகியவற்றையும் பாருங்கள். மழை, வெயில் என்று பார்க்காமல் வருடம் முழுக்க அரிப்பு இருந்தாலும், ஒரு நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் மலம் கழித்தாலும் உணவின் மீது சந்தேகம் வலுக்கும். காது மருந்து கிருமியையும் பூஞ்சையையும் கொல்கிறது. காதுக்குள் தோல் வீங்கியே இருப்பதால் அவை மறுபடி குடியேறுகின்றன.

வீட்டுத் தூசியில் இருக்கும் நுண்பூச்சியாலும் மகரந்தத்தாலும் வரும் ஒவ்வாமையும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க எந்த மருத்துவராலும் முடியாது. உணவை மாற்றிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வாலுக்கு மேலே முதுகைக் கடித்துக் கடித்து முடியே போய்விட்டது. சாப்பாட்டை மாற்றலாமா?
– வாசகர், திண்டுக்கல்

அவசரப்படாதீர்கள். வால் அடியில் தொடங்கும் அரிப்புக்குப் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சிதான் காரணம். வெள்ளைத் தாளை விரித்து, அதன் மேல் நாயை நிறுத்திச் சீப்பால் வாருங்கள். மிளகுத் தூள் மாதிரி விழும் கறுப்புத் துகள்களை ஈரப் பஞ்சால் ஒற்றுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது பூச்சியின் கழிவு, அதாவது செரித்த ரத்தம். ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஓரிரு கடி போதும். உங்கள் கண்ணில் ஒரு பூச்சிகூடப் படாமல் போகலாம். வீட்டிலுள்ள எல்லா நாய், பூனைக்கும் சேர்த்து மருந்து போட வேண்டும். படுக்கைத் துணியை வெந்நீரில் அலசுங்கள். பிறகு மருத்துவரிடம் தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள், சொறிப் பூச்சி இருந்தால் தெரியலாம். தயவுசெய்து பழைய இன்ஜின் ஆயிலோ மண்ணெண்ணெயோ தடவ வேண்டாம். நாய் அதை நக்கினால் உள்ளே விஷம்.

உணவுச் சோதனையை வீட்டிலேயே எப்படிச் செய்வது? அளவோடு சொல்லுங்கள். எங்கள் நாய் 20 கிலோ.
– வாசகர், திருச்சி

முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். இதுவரை அது தின்ற அத்தனையும் அதில் வர வேண்டும்: கோழிக் கால், தயிர் சாதம், மேரி பிஸ்கட், முட்டை, பக்கத்து வீட்டு எலும்பு உட்பட. அந்தப் பட்டியலில் இல்லாத ஓர் இறைச்சியும் ஒரு மாவுப் பொருளும் தேர்ந்தெடுங்கள். பன்றியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் நம் ஊரில் கிடைக்கும் நல்ல ஜோடி. கோழி சந்தேகத்தில் இருந்தால் வாத்தும் காடையும் வேண்டாம், மாட்டிறைச்சி சந்தேகத்தில் இருந்தால் ஆடு வேண்டாம். புரதங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை.

நடுத்தர ஓட்டமுள்ள 20 கிலோ நாய்க்கு, நாளொன்றுக்குக் கொழுப்பு நீக்கி நன்றாக வேகவைத்த பன்றி இறைச்சி 300 கிராம், வேகவைத்த கிழங்கு 500 கிராம் என்று தொடங்கி, இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு கூடாது. முதல் ஐந்தாறு நாள் பழைய உணவோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றினால் வயிறு கெடாது. பழையது முழுவதும் நின்ற நாளிலிருந்துதான் எட்டு வாரம் எண்ண வேண்டும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். இளைத்தால் கிழங்கைக் கூட்டுங்கள்.

ஏன் எட்டு வாரம்? வயிற்றுக் கோளாறு இரண்டு வாரத்திலேயே அடங்கலாம். வீங்கிய தோல் ஆற நாள் பிடிக்கும். ஒவ்வாமை உள்ள பத்து நாய்களில் ஒன்பதுக்கு எட்டு வாரத்துக்குள் தெளிவான மாற்றம் தெரியும். மூன்றாம் வாரமே கைவிட்டுவிட்டு "சாப்பாட்டில் ஒன்றுமில்லை" என்று முடிவு கட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அரிப்பு தாங்காவிட்டால் முதல் சில வாரம் மருத்துவர் மாத்திரை தருவார். ஆனால் கடைசி இரண்டு வாரமாவது மாத்திரை இல்லாமல் இருந்தால்தான் உணவின் பலன் தெரியும்.

சோதனையைக் கெடுப்பவை சின்னச் சின்ன விஷயங்கள். இறைச்சி வாசனை சேர்த்த சவைக்கும் குடற்புழு மாத்திரை, உண்ணி மாத்திரை, சுவை சேர்த்த கால்சியம் டானிக், மாத்திரையைச் சுற்றிக் கொடுக்கும் வெண்ணெய், குழந்தை சிந்திய பால். சோதனை நடக்கும் வாரங்களில் உண்ணிக்கு முதுகில் விடும் சொட்டு மருந்தைக் கேளுங்கள்.

இது வளர்ந்த நாய்க்கு எட்டு வாரத்துக்கு மட்டும். கால்சியமும் பல வைட்டமின்களும் இதில் போதாது. வளரும் குட்டிக்குக் கொடுத்தால் எலும்பு கெடும். குட்டிக்கு, புரதத்தை நுண்துண்டுகளாக உடைத்துத் தயாரித்த மருத்துவ உணவை மருத்துவர் சீட்டுடன் வாங்குங்கள்.

ரத்தப் பரிசோதனை செய்தால் ஒரே நாளில் தெரியும் என்கிறார்களே?
– வாசகி, கோவை

உணவு ஒவ்வாமைக்கு ரத்தம், எச்சில், முடி எதைச் சோதித்தாலும் நம்ப முடியாது. ஆரோக்கியமான நாய்க்கும் நீளமான "ஒவ்வாதவை" பட்டியல் வரும். அந்தப் பணத்தில் எட்டு வார இறைச்சி வாங்குங்கள்.

ஏழு வாரத்தில் அரிப்பு நின்றுவிட்டது. இப்படியே விட்டுவிடலாமா?
– வாசகர், மதுரை

விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. எட்டு வாரத்தை முடித்துவிட்டுப் பழைய சாப்பாட்டை மறுபடி கொடுங்கள். மனசு கேட்காது என்று தெரியும். ஆனால் மழை விட்டதாலோ, உண்ணி மருந்தாலோ குணமாகியிருக்கலாம் அல்லவா? உணவுதான் காரணம் என்றால் சில மணி நேரத்திலிருந்து 14 நாளுக்குள் அரிப்பு திரும்பும். உடனே சோதனை உணவுக்கு மாறுங்கள். அடங்கிய பிறகு சோதனை உணவோடு ஒவ்வொரு பொருளாகச் சேர்த்துக் கொடுங்கள்: இரண்டு வாரம் கோழி மட்டும், பிறகு தயிர் மட்டும், பிறகு கோதுமை. தினமும் காலண்டரில் அரிப்புக்கு 0 முதல் 10 வரை மார்க் போடுங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள். எது ஆகாது என்று தெரிந்ததும் அதில்லாத முழுச் சத்துணவுக்கு மாறுங்கள். கடையில் வாங்கினால் முன்பக்கம் "ஆட்டிறைச்சி" என்று இருந்தாலும், பின்பக்கச் சிறு எழுத்தில் கோழிக் கொழுப்போ கோழி மாவோ இருக்கிறதா என்று படியுங்கள்.

சாப்பிட்டுக் கால் மணி நேரத்தில் முகம் வீங்கிவிட்டது. இதுவும் அதுதானா?
– வாசகி, தஞ்சாவூர்

பெரும்பாலும் தேனீ, குளவிக் கடி அல்லது அன்று போட்ட ஊசி. எதுவானாலும் காத்திருக்க வேண்டாம். வாந்தி, மூச்சுத் திணறல், ஈறு வெளுத்தல் ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

எல்லாம் ஒழுங்காகச் செய்கிறோம். ஆனால் மாமியார் டீ குடிக்கும்போது பிஸ்கட் போடாமல் இருக்க மாட்டார். என்ன செய்வது?
– வாசகி, சேலம்

ஒரு துண்டு பிஸ்கட்டில் கோதுமையும் பாலும் இருக்கின்றன, எண்ணிய வாரங்கள் வீணாகும். அதற்காக அவர் கையைத் தடுக்காதீர்கள், கையில் இருப்பதை மாற்றுங்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கை வட்டமாக நறுக்கி, எண்ணெய் இல்லாத தோசைக்கல்லில் சிறு தீயில் இருபுறமும் காயவிட்டு, அதே பிஸ்கட் டப்பாவில் போட்டு அவர் பக்கத்தில் வையுங்கள். நாய்க்கு அவர் கையிலிருந்து வந்தால் போதும்.