வாசகர் கேள்வி பதில்: முதல் ரேடியோ கிளைடர்

கேள்வி: ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானம் எதையும் நான் இதுவரை பறக்கவிட்டதில்லை. காற்றிலேயே நெடுநேரம் மிதக்கும் கிளைடர் ஒன்றை வாங்க விரும்புகிறேன். இத்தனை வகைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: இறக்கையின் நீளத்தையோ தோற்றத்தையோ பார்ப்பதற்கு முன், கிளைடரை எப்படி உயரத்துக்குக் கொண்டுபோகப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். காற்றை நேருக்கு நேர் வாங்கும் மலைச்சரிவு அருகில் இருந்தால், சரிவில் மோதி மேலெழும் காற்றே அதைத் தாங்கிக்கொள்ளும். கையால் வீசிவிட்டாலே போதும். சமவெளிதான் இருக்கிறது என்றால், ரப்பரும் நூலும் சேர்ந்த நீண்ட கயிற்றால் இழுத்து ஏற்றலாம். இதற்கு நூறு மீட்டருக்கும் மேல் நீளும் தடையற்ற மைதானமும், ஒவ்வொரு முறையும் கயிற்றைத் தேடி எடுக்கும் பொறுமையும் வேண்டும். இறக்கை முனையைப் பிடித்து, வட்டெறிபவர் போல உடலைச் சுழற்றி வீசும் கிளைடர்களும் உள்ளன. உலகப் போட்டிகளில் எஃப்3கே பிரிவில் பறக்கும் இவற்றின் இறக்கை 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. அழகான கருவிகள்தாம், ஆனால் புதியவரின் முரட்டுத் தரையிறக்கங்களை அவற்றின் மெல்லிய கட்டுமானம் தாங்குவது கடினம்.

உங்களுக்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பது, மூக்கில் சிறு மின்மோட்டாரும், நின்றவுடன் உடலோடு மடிந்துகொள்ளும் புரொப்பெல்லரும் கொண்ட 2 மீட்டர் ஃபோம் கிளைடரைத்தான். சற்று நேரம் மோட்டாரை ஓட்டி உயரம் பெற்றபின் நிறுத்திவிட்டு மிதக்கலாம். உயரம் குறைந்தால் மீண்டும் ஓட்டலாம். இதைவிடச் சிறிய கிளைடர் தொலைவில் புள்ளியாகிவிடும். அது நம்மை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்றே தெரியாமல் போவதுதான் புதியவர்கள் பலருடைய விபத்துகளுக்குக் காரணம். இறக்கை முனைகள் மேல்நோக்கி வளைந்திருக்கும் வகையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ரட்டரை, அதாவது செங்குத்து வாலில் அசையும் பலகையை, திருப்பினாலே இறக்கை சாய்ந்து கிளைடர் திரும்பும். கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரின் கட்டுப்பாட்டுக் குச்சிகளை விட்டுவிட்டால் பெரும்பாலும் தானாகவே நிமிரும். ரட்டர், மூக்கை ஏற்றி இறக்க உதவும் வால் பலகையான எலிவேட்டர், மோட்டார் ஆகிய மூன்றை மட்டும் கையாளக் கற்றுக்கொண்டால் முதல் பருவத்துக்கு அது போதும்.

வாங்கும்போது எடையை இறக்கைப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். 36 சதுர டெசிமீட்டர் பரப்பும் 900 கிராம் எடையும் என்றால், சதுர டெசிமீட்டருக்கு 25 கிராம் வரும். ஏறத்தாழ இந்த அளவில் இருக்கும் கிளைடர் மெதுவாகப் பறக்கும், உங்களுக்கு யோசிக்க நேரம் தரும். எடை கூடினால் கிளைடர் வேகமாகப் பறந்தே தன்னைத் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். பலத்த காற்றில் அது நன்மைதான். தேர்ந்தவர்கள் அதற்காகவே எடைக் கட்டிகளை ஏற்றிப் பறக்கவிடுகிறார்கள். கற்கும் காலத்தில் அது வேண்டாம்.

கேள்வி: ரட்டரையும் எலிவேட்டரையும் அசைக்கும் சர்வோ, சிக்னலை வாங்கும் ரிசீவர், பேட்டரி ஆகியவற்றை நானே வாங்கிப் பொருத்தப் போகிறேன். எதில் செலவிடலாம், எதில் சிக்கனம் பிடிக்கலாம்?

பதில்: ரிசீவரில் சிக்கனம் பிடிக்காதீர்கள். அறைக்குள் பறக்கும் சிறு விமானங்களுக்கான குறுந்தொலைவு ரிசீவர்கள், உயர ஏறி விலகிப் போகும் கிளைடருக்கு உதவாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரில் இரண்டு ஆன்டெனாக்கள் இருந்தால் அவற்றை ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் வையுங்கள். உடல் கார்பன் இழையால் ஆனதென்றால் அது சிக்னலை மறைக்கும் என்பதால், ஆன்டெனா முனைகளைக் கட்டாயம் வெளியே கொண்டுவர வேண்டும். சிக்னல் அறுந்தால் மோட்டார் நின்றுவிடும்படி ஃபெயில்சேஃப் அமைப்பைப் பதிவு செய்து, தரையிலேயே டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதித்துவிடுங்கள். அப்போது புரொப்பெல்லருக்கு எதிரே யாரும் நிற்கக் கூடாது.

சர்வோவில் சிக்கனம் பிடிக்கலாம். இந்த அளவு ஃபோம் கிளைடருக்கு வழக்கமான 9 கிராம் சர்வோக்களே போதும். பிற்பாடு ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கக்கூடிய பலகை) உள்ள கிளைடருக்கு மாறும்போது, ஃபிளாப்புக்கு மட்டும் உலோகப் பற்சக்கரம் கொண்டவற்றை வாங்குங்கள். இறக்கிய ஃபிளாப் தரையில் இடிபடும்போது பிளாஸ்டிக் பற்கள் உடைந்துவிடும். மோட்டாரின் வேகக்கட்டுப்பாட்டுக் கருவியில் பிரேக் அமைப்பை இயக்கி வைக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் புரொப்பெல்லர் மடியாமல் காற்றில் சுழன்றுகொண்டே இருந்து, மிதக்கும் திறனைத் தின்றுவிடும்.

பேட்டரியைத் தேர்ந்தெடுக்கும்போது சமநிலையையும் சேர்த்து யோசிக்க வேண்டும். கிளைடரின் மூக்கு குட்டை, வால் நீளம். ஆகவே வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் பல கிராம் ஈடுகட்ட வேண்டியிருக்கும். பேட்டரியை இயன்றவரை முன்னால் தள்ளிப் பொருத்துங்கள். அதன் பிறகும் மூக்கில் எடை குறைந்தால், ஈயத்தைச் சேர்ப்பதைவிடச் சற்றுப் பெரிய பேட்டரியை வைப்பதே மேல்.

கேள்வி: என் கிளைடர் மூக்கை உயர்த்துவதும் தாழ்த்துவதுமாக அலைபோலவே பறக்கிறது. ஈர்ப்பு மையம் தவறா?

பதில்: பெரும்பாலும் அதுவாகவோ எலிவேட்டர் டிரிம்மாகவோதான் (குச்சியைத் தொடாதபோது எலிவேட்டர் நிற்கும் நிலை) இருக்கும். தயாரிப்பாளர் குறித்த இடத்தில் தொடங்குங்கள். குறிப்பு இல்லையென்றால், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் சராசரி அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று முன்னால் வைத்துப் பாருங்கள். நல்ல உயரத்தில், மோட்டாரை நிறுத்தி, நேராக மிதக்குமாறு டிரிம் செய்தபின், மூக்கைச் சற்றே தாழ்த்திக் குச்சியை விடுங்கள். சட்டென்று மேலே வளைந்தால் மூக்கு கனம். தாழ்வு மேலும் செங்குத்தானால் வால் கனம், உடனே மீட்டெடுங்கள். மெல்லத் தானாக நிமிர்ந்தால் சரியான இடம். மாற்றங்களைச் சில மில்லிமீட்டர் அளவிலேயே செய்யுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் டிரிம்மை மறுபடி சரிசெய்த பின்னரே அடுத்த சோதனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: வேரியோமீட்டர் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் இப்போதே வேண்டாம். காற்றழுத்த மாற்றத்தை அளந்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை ஒலியாகச் சொல்லும் அந்தக் கருவி மிகவும் பயனுள்ளது. ஆனாலும் எந்தப் பக்க இறக்கை காரணமின்றி உயர்கிறது என்பதைக் கண்ணால் கவனிக்க முதலில் பழகுங்கள். மேலெழும் வெப்பக் காற்று பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும், அந்தப் பக்கமே திரும்பி வட்டமிட வேண்டும்.