பானையின் அடியும் கிண்ணத்தின் கருப்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கீழடி அருங்காட்சியகத்தில் உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமாக இருக்கும் கிண்ணங்களைப் பார்த்தேன். இரண்டு சாயம் பூசினார்களா? கூடவே ஒரு சின்னச் சந்தேகம். சக்கரத்தில் வனைந்தால் அடி தட்டையாகத்தானே வரும்? நம் பானைகளுக்கு உருண்டை அடி எப்படி வந்தது?

வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

சின்னச் சந்தேகம் என்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரியது.

பானை சக்கரத்தோடு முடிவதில்லை. அங்கே முழுமையாக உருவாவது வாயும் கழுத்தும்தான். உடல் தடித்த சுவராகவே நிற்கும். நூலால் அறுத்தெடுக்கும்போது பெரும்பாலும் அடியே இருக்காது, வெறும் ஓட்டை. நிழலில் சற்று இறுகியதும் உள்ளே ஒரு கையில் வழவழப்பான கல், வெளியே மறு கையில் மரப்பலகை என்று தட்டத் தொடங்குவார்கள். ஒட்டாமலிருக்கச் சாம்பல் தூவிக்கொள்வார்கள். தட்டத் தட்டச் சுவர் மெலியும், வயிறு பெருக்கும், ஓட்டை மூடிக்கொள்ளும். அவசரப்பட்டால் கிழிந்துவிடும், தட்டி, உலரவிட்டு, மறுபடியும் தட்ட வேண்டும். மானாமதுரைக் கடத்தின் நாதமும் இந்தத் தட்டலில்தான் பெரிதும் அமைகிறது. ஆனால் புகைப்படம் எடுக்க வருகிறவர்கள் சுழலும் சக்கரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தட்டுகிறவர் படத்தில் வருவதே இல்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

உருண்டை அடிக்குக் காரணம் அடுப்பு. மூலை இருந்தால் அங்கே சூடு சீராகப் பரவாது. விரிசல் விழுவதும் அங்கேதான்.

இனி நிறம். சாயம் அல்ல, காற்றின் வேலை. களிமண்ணில் இரும்பு இருக்கிறது. சுடும்போது காற்றுத் தாராளமாகக் கிடைத்தால் அது சிவக்கும். காற்றை அடைத்துப் புகையில் விட்டால் கரி ஏறிக் கறுக்கும். கிண்ணத்தை உமியிலோ தழையிலோ கவிழ்த்துச் சுட்டால் உட்புறம் மூச்சு முட்டிக் கருப்பாகும், திறந்த வெளிப்புறம் சிவப்பாகும். ஒரே சூட்டில் முடித்தார்களா, சிவக்கச் சுட்டபின் மீண்டும் புகையூட்டினார்களா என்று ஆய்வாளர்களிடையே இரு கருத்துகள் உண்டு. இன்றும் கருப்புச் சட்டி வேண்டுமென்றால் கடைசியில் சூளையின் துளைகளை அடைத்துவிடுகிறார்கள்.

நாட்டுச் சூளைக்குக் கட்டடம்கூடத் தேவையில்லை. விறகும் வறட்டியும் இடையிட்டுப் பானைகளை அடுக்கி, மேலே வைக்கோல் போர்த்தி, சேறு பூசிப் புகைத்துளை விடுவார்கள். முதலில் இளஞ்சூடுதான், ஈரம் மிச்சமிருந்தால் ஆவி பானையை வெடிக்கவைத்துவிடும். சுமார் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டியபின் களிமண் மறுபடி தண்ணீரில் கரையாது. இத்தகைய சூளைகளில் சூடு 900 டிகிரிக்கு மேல் போவது அரிது. அதனால் நுண்துளைகள் அடைபடுவதில்லை, கோடையில் தண்ணீர் கசிந்து ஆவியாகிக் குளிர்கிறது.

மறுபடி கீழடி போனால் கிண்ணங்களின் விளிம்பைப் பாருங்கள். கருப்பு பெரும்பாலும் விளிம்பைத் தாண்டி வெளிப்பக்கமும் சற்று இறங்கி, சிவப்போடு கலந்து சேர்ந்திருக்கும். தூரிகையால் பூசியிருந்தால் அப்படி வராது.

அன்புடன்