பட்டியல் விலைக்கு மேல் கொடுத்துப் புதிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா?

கேள்வி: அண்மையில் அறிமுகமான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்க விரும்புகிறேன். பட்டியல் விலையில் பதிவு செய்தால் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்கிறார் டீலர். வேறொருவர் பதிவு செய்து ரத்து செய்துவிட்ட கார் தயாராக நிற்கிறதாம். பட்டியல் விலைக்கு மேல் 20 விழுக்காடு கொடுத்தால் இந்த வாரமே எடுத்துச் செல்லலாம் என்றும், இதன் மதிப்பு போகப் போக ஏறும் என்றும் சொல்கிறார். பெரும்பகுதியைக் கடனாகப் பெற்று, இரண்டு மூன்று ஆண்டுகளில் விற்றுவிடும் எண்ணம். கொடுக்கலாமா?

பதில்: நீங்கள் சொல்லும் நிலையில் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த 20 விழுக்காட்டில் காரின் ஒரு திருகாணி கூட உங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கப் போவதில்லை. அதே எஞ்சின், அதே கியர்பெட்டி, அதே உத்தரவாதம் ஓராண்டு கழித்துப் பட்டியல் விலைக்கே கிடைக்கும் என்றால், நீங்கள் கொடுக்கும் கூடுதல் தொகை காரின் விலை அல்ல, காத்திருக்காமல் இருப்பதற்கான கட்டணம். ஓராண்டு முன்னதாக ஓட்டும் மகிழ்ச்சிக்கு அவ்வளவு கொடுக்கலாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அதை முதலீடு என்று எண்ணிக் கொடுப்பது தவறு.

கணக்கைப் பாருங்கள். பட்டியல் விலை 100 என்றால் நீங்கள் கொடுப்பது 120. அந்த 20-ஐ 9 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுத் தவணையாகக் கட்டினால், முடிவில் அது ஏறத்தாழ 25 ஆகிவிடும். வரி விற்பனை விலையின் மீது கணக்கிடப்படும் இடங்களில் இதற்கும் சேர்த்து வரி உண்டு. உற்பத்தி பெருகி, ஓராண்டில் அந்தக் காரின் சந்தை மதிப்பு 90-க்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் விலையில் வாங்கியவருக்கு இழப்பு 10, உங்களுக்கு வட்டி நீங்கலாகவே 30. அந்த நேரத்தில் கார் விபத்தில் முற்றிலும் சேதமடைந்தால், பொதுவாகக் காப்பீட்டு நிறுவனம் பார்ப்பது அன்றைய மதிப்பைத்தான். நீங்கள் மேலே கொடுத்ததை அது கணக்கில் கொள்ளாது. கார் இல்லாமல் போன பிறகும் கடன் மிச்சமிருக்கும் நிலை இப்படித்தான் பலருக்கு ஏற்படுகிறது.

மதிப்பு ஏறும் என்ற வாக்குறுதியைச் சற்று நிதானமாக ஆராய வேண்டும், ஏனெனில் பலர் ஏமாறுவது இங்கேதான். 2016-இல் போர்ஷே நிறுவனம் 911 ஆர் என்ற காரை 991 மட்டுமே செய்வதாக அறிவித்தது. போர்ஷேயின் 911 கார்களில் பந்தயத் தன்மை மிக்க ஜிடி3 வகையில் மேனுவல் கியர் கிடைக்காமல் இருந்த காலம் அது. 911 ஆர் காரிலோ 4 லிட்டர் எஞ்சினுடன் மேனுவல் கியர் வந்தது. பட்டியல் விலையைப் போலப் பல மடங்கு கேட்டவர்களும் இருந்தார்கள், கொடுத்தவர்களும் இருந்தார்கள். அடுத்த ஆண்டே போர்ஷே புதிய ஜிடி3 காரில் மேனுவல் கியரைக் கொடுத்தது. பெரிய பின்னிறக்கை இல்லாத டூரிங் வடிவத்தையும் கொண்டுவந்தது. 911 ஆர் காரின் சந்தை விலை இறங்கியது. எண்ணிட்டுச் செய்த காருக்கே இந்த நிலை என்றால், எண்ணிக்கை வரம்பே இல்லாமல் தொழிற்சாலை தொடர்ந்து செய்யப்போகும் காரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அறிமுக ஆண்டின் தட்டுப்பாடு பெரும்பாலும் உற்பத்தி இன்னும் வேகம் பிடிக்காததால் வருவது.

முதல் ஆண்டில் வாங்குபவர் இன்னொரு சுமையையும் ஏற்கிறார். 2014-இல், அப்போது புதிதாக வந்திருந்த ஜிடி3 காரில் எஞ்சினுக்குள் பிஸ்டனைச் சுழல்தண்டுடன் இணைக்கும் தண்டின் திருகு கழன்று சில கார்கள் தீப்பிடித்ததால், உரிமையாளர்களை ஓட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட போர்ஷே, 785 கார்களுக்கும் எஞ்சினையே மாற்றித் தந்தது. நிறுவனம் பொறுப்பேற்றுக்கொண்டது உண்மை. ஆனால் காத்திருப்பைத் தவிர்க்க மேலே கொடுத்து வாங்கியிருந்தவருக்கு அந்த மாதங்கள் திரும்பி வரவில்லை.

உடனே விற்று லாபம் பார்க்கும் வழியைச் சில நிறுவனங்களே அடைத்துவிடுகின்றன. ஃபோர்டு நிறுவனத்தின் ஜிடி என்ற ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு விற்க மாட்டோம் என்று கையெழுத்திட வேண்டியிருந்தது; அதை மீறியதாக நடிகர் ஜான் சீனா மீது 2017-இல் ஃபோர்டு வழக்குத் தொடர்ந்து, மறு ஆண்டு சமரசம் ஆனது. எனவே ஒப்பந்தத்தில் மறுவிற்பனை பற்றிய நிபந்தனை இருக்கிறதா, உத்தரவாதம் அடுத்த உரிமையாளருக்குச் செல்லுமா என்பதைப் படித்த பிறகே பேனாவை எடுங்கள்.

இனி, தயாராக நிற்கும் அந்தக் காருக்கு வருவோம். முந்தையவர் ஏன் ரத்து செய்தார் என்று கேளுங்கள். ஓடிய கிலோமீட்டரைப் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்த டயர் என்று பொருள். டயர் பழையதாக இருந்தால், அந்தக் கார் எத்தனை மாதமாக நிற்கிறது என்று கேட்க உங்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். டீலர்கள் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் கார்களை இருப்பில் வைக்கிறார்கள். நிற்கும் ஒவ்வொரு வாரமும் அவர்களுக்கு வட்டி ஏறுகிறது. அவசரம் உங்களுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள்.

விலைத்தாளையும் வரி வரியாகப் படியுங்கள். தொழிற்சாலை விலைத்தாளுக்குப் பக்கத்தில் டீலர் தயாரித்த இரண்டாவது தாள் ஒன்று இருக்கக்கூடும். பட்டியல் விலைக்கு மேல் கேட்கும் தொகையை 'சந்தைச் சரிக்கட்டல்' என்று வெளிப்படையாகப் போட்டிருந்தால் ஒரு வகையில் நல்லது. பல நேரங்களில் அதே தொகை பெயிண்ட் பாதுகாப்புப் பூச்சு, தரைவிரிப்பு, டயரில் நைட்ரஜன் என்று பிரிந்து கிடக்கும். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். வேண்டாதவற்றை அடித்துவிட்டு மொத்த விலையை எழுத்தில் கேளுங்கள்.

பத்தாண்டு வைத்துக்கொள்ளப் போகிறவர், கடன் இல்லாமல் வாங்குகிறவர், இனிமேல் செய்யப்போவதில்லை என்று நிறுவனமே அறிவித்த காரைத் தேடுகிறவர் ஆகியோருக்கு என் பதில் இவ்வளவு கடுமையாக இருக்காது. 20 என்பது பத்தாண்டில் பிரிந்தால் ஆண்டுக்கு 2 தான். உங்கள் திட்டம் அதுவல்ல.

ஆகவே மூன்று நான்கு டீலர்களிடம், வெளியூர்களிலும், பட்டியல் விலையில் விசாரியுங்கள். திருப்பித் தரப்படும் முன்பணம் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். டீலருக்கு அந்த ஆண்டு எத்தனை கார் ஒதுக்கீடு, வரிசையில் உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்று நேராகக் கேளுங்கள். ஆர்டரைத் தொழிற்சாலை ஏற்றுக்கொண்டதும் அதற்கென ஓர் எண் கிடைக்கும். அது வரும்வரை உங்களிடம் இருப்பது வாய்மொழி மட்டுமே. அந்த எண்ணைத் தர டீலர் தயங்கினால், முன்பணத்தைத் திரும்பப் பெற்று அடுத்த டீலரிடம் செல்லுங்கள்.